மாதுளையை எந்த மாதத்தில் வைப்பது

மாங்கூழ் ஆலை கொடுத்த காலண்டரின் பின்பக்கம்
பன்னிரண்டு கட்டம் போட்டேன்.
ஸ்கேல் தேடவில்லை, கரண்ட் பில் அட்டையின் ஓரம் போதும்.
கனிஷ்காவுக்கு இனி பள்ளிக்கூடம் வீட்டில்தான் என்று முடிவாகி
ஒன்பது நாள்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
வருஷம் பூரா கிரேக்க சாமிங்க வேணும்.
கணக்கும் அதுக்குள்ளயே வரட்டும்மா.

எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழைவதில்லை.
அவளோ ஹெஃபாயிஸ்டோஸ் என்று
பக்கத்துத் தெருப் பையனைக் கூப்பிடுவதுபோல் சொல்கிறாள்.

சரி, ஜூன்.
ஒன்றுமே இல்லாத இருட்டிலிருந்து ஆரம்பம்.
அதற்குச் செலவில்லை.
பிறகு பூமி, வானம்,
பெற்றதையெல்லாம் விழுங்கும் தகப்பன்.
இதில் அறிவியல் எங்கே என்று வெகுநேரம் பார்த்து
'செரிமானம்' என்று எழுதினேன்.

நுரையில் பிறந்த தேவிக்குக்
கெலவரப்பள்ளி அணையைக் காட்டலாம் என்றிருந்தேன்.
மதகு திறந்தால் தென்பெண்ணையில் நுரை
ஆள் உயரத்துக்கு எழும்புகிறதே.
மூக்கைப் பொத்திக்கொண்டு எந்த தேவி எழுந்து வருவாள்?
அடித்துவிட்டு 'வேதியியல்' என்று மாற்றினேன்.

கல் உருட்டுகிறவனுக்காக எங்கேயும் போக வேண்டாம்.
மொட்டைமாடியில் நின்றால் தெரியும்,
பர்கூர்ப் பக்கமிருந்து
லாரிக்கு ஒரு கல், ஒரே ஒரு கல்,
சங்கிலி போட்டு துறைமுகத்துக்குப் போவது.
இங்கே கல் திரும்ப உருண்டு வருவதில்லை.
லாரிதான் வருகிறது, காலியாக.
இது இயற்பியலா பொருளாதாரமா,
இன்னும் முடிவாகவில்லை.

கீழ்வீட்டு முனிரத்னம்மா எட்டிப் பார்த்து
நம்ம சாமிங்க என்ன பாவம் பண்ணுச்சு என்றார்.
அந்த சாமிகளும் பொய் சொல்கிறார்கள் அக்கா,
புருஷன் பெண்டாட்டி சண்டையும் உண்டு என்றேன்.
அப்போ சரி, என்று போய்விட்டார்.

ஒரு கதைக்கு மட்டும் கட்டம் கிடைக்கவில்லை.

மகளைப் பாதாளத்துக்குப் பறிகொடுத்த அம்மா.
மகள் அங்கே தின்ற சில மாதுளை முத்துகள்.
கடைசியில் ஒரு தீர்ப்பு:
வருஷத்தில் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே.

எங்கள் தீர்ப்பு நான்கு பக்கம், முத்திரையோடு.
ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிருஷ்ணகிரி, என்னிடம்.
அக்டோபர் முதல் மார்ச் வரை ஓசூர், அவள் அப்பாவிடம்.
அரை வருஷப் பிள்ளையை
எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்?

அந்த அம்மா அழுதபோது பயிர் கருகியதாம்.
இந்த மண் என்னோடு அப்படி ஒத்துழைப்பதில்லை.
அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற மாதத்தில்
இங்கே மழை பிடிக்கும்.
நான் ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கும்போது
கேழ்வரகு அறுத்து முடிந்திருக்கும்.
தை மாதம் ஜன்னலுக்கு வெளியே
வெட்கமே இல்லாமல் மா பூத்து நிற்கும்.
அவள் வந்து இறங்கும்போதோ
தார் உருகும் வெயில்.

மாதேஷை நரகத்து ராஜா ஆக்கலாம் என்றால்
அதுவும் சரியாக வரவில்லை.
நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார்:
'கொல்லன் சாமி பாடம் நான் எடுக்கிறேன்.
கம்பெனியில் பழைய லேத் ஒன்று இருக்கு.
பாப்பாவுக்குக் கண்ணாடி வாங்கணும்,
போர்டு சரியாத் தெரியல என்கிறாள்.'
எனக்கு அது தெரியாது.
ஆறு கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பிவைத்தேன்.

ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு வந்தால்
காலண்டரில் பென்சில் எழுத்து,
ஏப்ரல் கட்டத்துக்குள் அடங்காமல்
மே வரைக்கும் சாய்ந்து:

'மாதுளைக் கதை. நான் திரும்பி வந்ததும்
உனக்கு நான் சொல்லித் தரேன்.
அம்மா, எல்லாரும் பேசி முடிவு பண்றாங்க,
அந்தப் பொண்ணை யாருமே ஒண்ணும் கேக்கலையே,
கவனிச்சியா?'

கவனிக்கவில்லை.

அழித்து எழுதிய தடம் தெரிகிறது.
முதலில் மார்ச் என்று எழுதியிருக்கிறாள்.

அந்த வெயிலில் நல்ல மாதுளை வருமா என்று
ரவுண்டானா பழக்கடை இம்தியாஸைக்
கேட்டு வைக்க வேண்டும்.