நாலே முக்கால்

மார்கழி. ஷிப்ட் விட்டு
போச்சம்பள்ளி சிப்காட் வாசலில்
கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறோம்.
விரலில் ஷூ பசை.
ரோட்டில் வெயில் இன்னும் காய்கிறது.

மொய்னாவின் போனில் அவள் அம்மா.
திரை முழுக்க இருட்டு,
ஒரு குண்டு பல்பு, பாதி முகம்.
"உங்க ஊர்ல மணி என்ன?" என்றேன்.
சிரித்தாள்.
"நாலே முக்கால்தான் அக்கா."
என் கையிலும் நாலே முக்கால்.

திப்ரூகர் பக்கம் தேயிலைத் தோட்டமாம்.
தோட்டத்துக்கென்று தனி மணி,
சர்க்கார் மணிக்கு ஒரு மணி முந்தி.
இலை பறிக்க அந்த மணிக்கு ஓடுவாளாம் அம்மா,
ரேஷன் வாங்க இந்த மணிக்கு.
கோழி எதையும் கேட்பதில்லை.

ஆனியில் வந்த புதிதில்
நாலரைக்கே எழுந்து
ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்,
வானம் ரிப்பேர் என்று நினைத்து.
இப்போது அலாரம் மூன்று தரம் அடிக்க வேண்டும்.

போன வாரம் நான்
ஒரு நிமிஷம் பிந்தி விரல் வைத்தேன்.
மெஷின் அரை நாளை எடுத்துக்கொண்டது.
ஒன்றரை மணி வெளிச்சத்தை
நடுவில் எங்கேயோ போட்டுவிட்டு
இவ்வளவு அகல நாடு
ஒரே முள்ளில் சுற்றுகிறதே,
அதற்கு யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்?
எச்.ஆரிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

மொய்னா போனைத் திருப்பி
மாந்தோப்புக்கு மேலே நிற்கும் சூரியனைக் காட்டுகிறாள்.
அம்மா வேகமாக என்னவோ சொல்கிறாள்.
"என்னவாம்?"

"துணி காயப்போட்டிருக்கியான்னு கேக்குது.
அவசரப்பட்டு எடுத்துடாதேங்குது,
இன்னும் வெயில் இருக்காம்."