சாட்சிக் கூண்டு

மூன்று வருடத்தில் நாலாவது ஆள் இவள்.
முதல் ஆள் சாந்தியாகோவுக்குப் போனான்,
லிஃப்ட் வைத்த அலுவலகத்துக்கு.
அடுத்தவன் கட்சிக்காரர் பணத்தை இரண்டு நாள் கைமாற்றாய் எடுத்தான்,
மூன்றாம் நாள் திருப்பி வைத்தான்,
ஆனாலும் அனுப்பிவிட்டோம்.
யாஸ்னா ஏன் போனாள் என்பதில்
கூட்டாளி எர்னானுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு,
வாய்தா மேல் வாய்தா.

புந்தா அரேனாஸில் வசந்தம் என்றால் காற்று.
பிடித்துக்கொண்டு நடக்க
நகராட்சி தெருமுனையில் கயிறு கட்டிவைக்கும்.
நேர்முகத்துக்கு வந்த ஆறு பேரில்
நாலு பேர் முடியைக் கோதிக்கொண்டே பேசினார்கள்.
ஒருவன் சட்டப்பிரிவுகளைக் கேட்காமலே ஒப்பித்தான்,
உட்பிரிவோடு.
நெலிதா பாரியா குல்லாயைக் கூடக் கழற்றவில்லை.
நான் வாய் திறப்பதற்குள் கேட்டாள்:
"முன்னால் இருந்தவர் ஏன் போனார்?"

பதினெட்டு வருடம் குறுக்கு விசாரணை செய்த வாய் இது.
"சொந்தக் காரணம்" என்றது.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை லேசாக ஆட்டினாள்.
ஒரு சக்கரம் இல்லை அதில்,
யாஸ்னா காலத்திலிருந்தே.
"இதுவா?" என்றாள்.

எர்னான் சிரித்துவிட்டான். அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.
சம்பளப் பேச்சு வந்ததும் மட்டும்
சன்னல் வழியே நீரிணையைப் பார்த்தான்.
ஒரு கப்பலும் இல்லை.

செவ்வாய்தோறும் ஒயார்சூன் வருவார்,
பதினோரு வருட வேலித் தகராறோடு,
புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லாமல்.
நாங்கள் இருவரும் செவ்வாய்தோறும்
நீதிமன்றத்தில் இருப்பதாய்ச் சொல்லச் சொல்லியிருந்தோம்.
நெலிதா வெந்நீர் வைத்தாள், மாத்தே கலந்து கொடுத்தாள்,
ஆடுகள் செத்த பனியைப் பற்றிக் கேட்டாள்.
ஏழாவது செவ்வாயில் அவர் போகிற போக்கில் சொன்னார்,
அந்தப் பனிக்கு முந்தின கோடையில்தான்
பக்கத்துப் பண்ணைக்காரன் முதல் கம்பம் நட்டான் என்று.
அவள் தேதி போட்டு எழுதி என் மேசையில் வைத்தாள்.
பதினோரு வருடமாய் எவரும் கேட்காத தேதி.
அன்று நான் அவளுக்குச் சொன்னது:
"தட்டச்சில் ஒரு எழுத்துப் பிழை."

பிறகு அந்தத் தொலைபேசி.
சால்மன் கம்பெனி, ஆள்சேர்ப்புப் பிரிவு,
மிக மரியாதையான குரல்.
"உங்கள் ஊழியர் விண்ணப்பித்திருக்கிறார்.
அவரைப் பற்றி ஒரு வார்த்தை?"

எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.
உண்மை தவிர வேறில்லை என்று
கை தூக்கவைத்திருக்கிறேன்.
ஒரு இழுப்பு போதும்,
"ம்ம்... பரவாயில்லை..." என்று ஒரு இழுப்பு,
அவள் எனக்கு மிஞ்சுவாள்.
பொய்கூட இல்லை அது. எந்தச் சட்டமும் தொடாது.
மறுமுனையில் விசைப்பலகை காத்திருந்தது.

"ஒருநாளும் தாமதமாய் வந்ததில்லை" என்று தொடங்கினேன்.
தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.
கெடு, கோப்பு, வெந்நீர், வேலி எல்லாம் வந்தது.
அவளிடம் சொல்லாத அத்தனையும்
முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லி முடித்தேன்.
நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை நாற்காலிக் கடைக்குப் போனேன்.
காற்றுக்குப் பயந்து நாலுக்கே சாத்தியிருந்தார்கள்.
கயிற்றைப் பிடித்தபடி
அவள் சம்பளத்தை அந்தக் கம்பெனி சம்பளத்தோடு கழித்துப் பார்த்தேன்.
எர்னானின் காருக்கு மாதம் கட்டும் தவணையைவிடக் குறைவு.

காலையில் எட்டுக்கு அவள் இருந்தாள்.
குல்லாயோடு.
"கூப்பிட்டார்களா?"
"கூப்பிட்டார்கள்."
"என்ன சொன்னீர்கள்?"
"தாமதமாய் வந்ததே இல்லை என்று."
"இரண்டு தடவை வந்திருக்கிறேன்."
"தெரியும்."

கொஞ்சநேரம் சன்னல் மட்டும் அடித்துக்கொண்டது.
எர்னானிடம் இன்னும் பேசவில்லை நான்.
காரைப் பற்றித் தொடங்குவதா, சக்கரத்தைப் பற்றியா தெரியவில்லை.
நெலிதா ஒயார்சூன் கோப்பை எடுத்தாள்,
மூன்று சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்,
"செவ்வாய்க்கிழமை இன்று" என்றாள்,
"நீதிமன்றத்துக்குப் போகவில்லையா?"