கிணறு எண் ஏழு

ராத்திரி பதினொன்றரைக்கு
'மறுபடி தொடங்கட்டுமா' என்று கேட்டது.
தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வதுபோல
சரி என்று அமுக்கினேன்.

காலையில் ப்ரவுசர் புதுச் சட்டை போட்டிருந்தது.
ஓரங்கள் வளைந்து, எழுத்து மெலிந்து.
வலது மூலையில் இருந்த
நகக்கண் அளவு பட்டன் மட்டும் இல்லை.
கட்டுரையைத் திறந்து அதைத் தொட்டால் போதும்,
ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம்
அத்தனையும் உறிஞ்சிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளும்.
இரண்டரை வருடத்தில்
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு கட்டுரை
அப்படிச் சேர்த்தவள் நான்.
'இந்த எக்ஸ்டென்ஷன் இனி இயங்காது.'
ஒரே வரி. வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சினாப்சிஸ் கொடுக்க வேண்டும்.
அன்று செவ்வாய்.
சத்துவாச்சாரியில் ஒன்பது மணிக்கே
ஜன்னல் கம்பி சுட்டது.

லேப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
குபேந்திரன் பார்த்துவிட்டு
'பழைய வெர்ஷனைப் போடு' என்றான். போட்டோம்.
புதியதில் உருவான கோப்பைத் திறக்க மாட்டேன் என்றது பழையது.
பழசுக்குப் புதுசு புரியவில்லை,
புதுசுக்குப் பழசு வேண்டாம்,
நடுவில் என் மூன்றாம் அத்தியாயம்.
டீ வாங்கித் தந்துவிட்டு அவன் வேலைக்குப் போனான்.
அவன் ஆராய்ச்சி எலிகளைப் பற்றியது.
எலிகளுக்கு அப்டேட் வராது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
கூடவே 'பட்டன் இல்லாத ப்ரவுசர்' என்று சேர்த்து
தபஸ்ஸுமுக்கு மெசேஜ் போட்டேன்.
மேல்விஷாரத்திலிருந்து பதில் வந்தது:
'சாமிதான் திரும்பி வந்துட்டாரே, பட்டனும் வரும்.
அதுவரைக்கும் கையால அடி.'

அடித்தேன்.
குடும்பப் பெயர் முதலில், ஒரு கமா, அப்புறம் இனிஷியல்.
எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது?
அப்பாவின் தலையெழுத்து முன்னால் நிற்கும்.
அதைப் பிடித்துப் பின்னால் நிறுத்துகிற அமளியில்
சிலர் தங்கள் அப்பாவாகவே அச்சாகியிருந்தார்கள்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
ஒரே கட்டுரையை மூன்று தரம் சேமித்திருந்தேன்,
மூன்று தரமும் படிக்காமல்.

புதன் இரவு, கரண்ட் போய் வந்த பிறகு,
எண்பத்தேழாவது.
பக்க எண் தேடி உள்ளே போனவள்
அட்டவணை இரண்டில் நின்றுவிட்டேன்.
பாலாற்றின் தென்கரை, தோல் ஆலைக்குக் கிழக்கே,
வேப்பமரத்தடிக் கிணறு, ஆழம் நாற்பத்தோரடி.
என் கிணறு எண் ஏழு.
ஜனவரியில் நான் கயிறு விட்டு நீர் எடுத்த அதே கிணறு.
'எங்க தண்ணிய எத்தினி வாட்டிதான் கொண்டும்போவீங்க'
என்று அங்கே துணி அலசிய பெண் கேட்டாள்.
சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
இருபத்தாறு வருடம் முன்னால் யாரோ
பாட்டில் மூடியைத் திருகி, லேபிள் ஒட்டி,
குரோமியம் இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.
என்னுடைய அளவில் பாதி.

என் இரண்டாம் அத்தியாயம், பக்கம் நாற்பத்து நான்கு:
'இக்கிணற்றுக்கு முந்தைய தரவு எதுவும் இல்லை.'

மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.
அத்தியாயத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்.
ஒரு மணி வரைக்கும் அப்டேட் போட்டவனைத் திட்டினேன்.
அப்புறம் அந்த வரியை அழித்தேன்.
அப்புறம் மறுபடியும் அவனையே திட்டினேன்.

வியாழன் சாயங்காலம் பட்டன் வந்துவிட்டது.
அதே மூலை, கொஞ்சம் கூடுதல் சிவப்பு.
பார்க்கலாமே என்று எண்பத்தேழைத் திறந்து தொட்டேன்.
ஒரு நொடியில் உறிஞ்சிக்கொண்டது,
ஆசிரியர் நால்வரில் மூவரை.
நாலாவது பெயரை நானே அடித்தேன்:
தனபாக்கியம், மு.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மு. தனபாக்கியம் என்று மாற்றினேன்.
விதிப்படி தப்பு.
கைடு சிவப்பு மையில் சுழிப்பார்.
சுழிக்கட்டும்.