பி பக்கம், கடைசிப் பாட்டு

'குடைக்காரி' என்றால்
நானுஓயாவிலிருந்து நாவலப்பிட்டி வரை
இன்றைக்கும் தலையாட்டுவார்கள்.
சில்வர் டிப்ஸ் என்றால்
எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கேட்பார்கள்.

'ஒத்தப் பாட்டுக் கோஷ்டி'
என்று பத்திரிகையில் எழுதியவர் கொழும்பில் இருந்தார்.
கெசட்டைத் திருப்பிப் போட்டிருக்க மாட்டார்.
அவரைக் குறை சொல்ல
எனக்கும் வாயில்லை.

ஹட்டனில் என் ஸ்பீக்கர் கடை.
எழுபத்தொன்பதிலிருந்து
அவர்களுக்கு ஆம்ப் வாடகைக்கு விட்டவன்.
மாலை நாலரைக்கு,
நாற்காலி விரிக்கிற பையன்கள் மட்டும் இருக்கிற மண்டபத்தில்,
மைக் சோதிக்கிறோம் என்று சொல்லி
மற்றப் பாட்டுகளை வாசிப்பார்கள்.
இரண்டு கிட்டார், மூன்று குரல்,
மூன்று நிமிடத்தைத் தாண்டாத அவசரம்.
கினிகத்தேனை வளைவுகளில் பிரேக் இல்லாத லொறி போல
வந்து
சரியாக வாசலில் நிற்கும்.
மைக்கல்ராஜ் உச்சியில் பாட
அவன் தங்கை புஷ்பராணி அதற்கும் மேலே
ஒரு தொங்கல் ஏறி நிற்பாள்.
துவான் ரிஃபாய் பகலில் பேக்கரியில் மா பிசைகிறவன்,
அதே கையால் டிரம்ஸ்.
சந்தனத்தின் பேஸ்
காலடிப் பலகையில் இருந்துதான் தெரியும்.

'பெரட்டுக்கு லேட்டு' என்று ஒன்று.
பெயர் வெட்டப்பட்ட ஒருத்தி
வெறுங்கூடையோடு திரும்பி நடக்கிற பாட்டு.
அதைக் கைதட்டி ஆடுகிற மெட்டில் வைத்திருந்தார்கள்.
அங்கேதான் நமக்குப் பிடிபடவில்லை.
லயத்துப் பிள்ளைகள் பாடினால்
அழுகை அழுகையாகவே வர வேண்டும் நமக்கு.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
நாங்கள் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு
மீதி ஒன்பதையும் ஈரம் என்று கழித்தோம்.
இரவில் கூட்டம் குடைக்காரி, குடைக்காரி என்று கத்தும்.
மிக்சருக்குப் பின்னால் நின்று
நானும் கத்தியிருக்கிறேன்.
ஒரே இரவில் ஐந்து தடவை.

கடைசிப் பாட்டுக்குப் பெயர் 'சில்லறை'.
அதில் பேஸ் இல்லை.
பத்திரிகைக்காரர் அதைக் கற்றுக்குட்டி வேலை என்றார்.
நான் என் ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று
வூஃபரைக் கழற்றிப் பார்த்தேன்.

ரெக்கோடிங்குக்கு எட்டு நாள் இருக்க
சந்தனத்துக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது.
வேறு ஆள் இருக்கிறான், அரை மணியில் அடித்துவிடுவான்
என்றாராம் ஸ்டூடியோக்காரர்.
இவர்கள் கேட்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து, ஹெட்போனில்,
ஒரு மழைநாள் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டேன்.
இரண்டாவது அடியில் சந்தனம் வர வேண்டிய இடம்.
ரிஃபாய் காலை எடுத்துவிடுகிறான்.
கிட்டார்கள் இரண்டும் ஒதுங்குகின்றன.
நெரிசல் கோச்சியில்
வராத ஒருவருக்குத் துண்டு போட்டு
இடம் பிடித்து வைத்திருப்பது மாதிரி
ஒவ்வொரு சுற்றிலும், தவறாமல்,
அந்த வெற்றிடம்.
இதைப் பிழையாய் அடிக்க
எவ்வளவு பயிற்சி வேண்டும்!

நேற்று நோர்வூட்டில் ஒரு கலியாணம்.
குடைக்காரி கேட்டார்கள், போட்டேன்.
நல்ல பாட்டுத்தான், அதன்மேல் என்ன குற்றம்?
முடிந்த கையோடு
யாரையும் கேட்காமல் 'சில்லறை'யை ஓடவிட்டேன்.

பந்தியிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான்,
கையில் ரசம் காயாமல்.
"அண்ணே, ஸ்பீக்கரைப் பாருங்க, அடிச்சத்தம் வரல்ல."

"வராது தம்பி.
எண்பத்தொன்டுலயே கப்பலேறிட்டான்."