ஒரு சொல் குறைவு

டோர்ஷவ்னில் மணி மூன்று.
மழை பக்கவாட்டில் வந்து ஜன்னலை அறைகிறது.
மூவரோடு மூழ்கிய படகின் விசாரணை அறிக்கை, இரண்டு கோப்புகள்:
செவ்வாய்க்கிழமையது, வெள்ளிக்கிழமையது.

வரிவரியாக ஒப்பிட்டாள் சுன்வா.
எல்லா வரியும் மாறியதாகச் சொன்னது கணினி.
யாரோ ஓரத்தை இரண்டு விரற்கடை நகர்த்தியிருக்கிறார்கள்,
வரிகள் இடம்மாறி உட்கார்ந்திருக்கின்றன.
இதில் எதைத் தேட?

கட்டளையை மாற்றினாள். இனி சொல் சொல்லாக.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் பொது.
நீங்கியது ஒன்று,
சதுர அடைப்புக்குள், இரு கழித்தல் குறிகளுக்கு நடுவே:

பம்பு [-மீண்டும்-] நின்றுபோனது.

அப்படியென்றால் முன்பும் நின்றிருக்கிறது.
யாருக்கோ தெரிந்திருக்கிறது.

ஆறிய காபியைத் தள்ளிவைத்தாள்.
மேல் அம்பை அழுத்த, பழைய கட்டளை வந்து நின்றது.
என்டர்.

மீண்டும்.