நாற்பத்தேழாம் கொக்கி

இந்தப் பள்ளியில் எனக்கு மேசை கிடையாது.
கம்பளிக் கோட்டுகளும் ஈரக் காலணிகளும்தான் என் இலாகா.
காலையில் முந்நூறு பேர் என்னைத் தாண்டி உள்ளே போவார்கள்,
பனி உருகித் தரையில் ஓடும்.
துடைப்பேன்.
ரக்வெரேயில் தெருச் செருப்போடு
வகுப்புக்குள் யாரும் நுழைவதில்லை.

நாற்பத்தேழு லேலோவுடையது.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்,
உள்செருப்பை விட்டுவிட்டு.
நாளை வருகிறவள் அப்படித்தானே விட்டுப்போவாள்.

ஆறரை மாதம்.
தார்த்துவில் மருத்துவமனை என்றார்கள்.
நுரையீரல் என்றது ஒரு வாய்,
மனசு என்றது இன்னொரு வாய்.
நான் கேட்கவில்லை. கொக்கிக்குக் காரணம் எதற்கு?

ஜனவரியில் புதுப் பையன் ஒருவன் சேர்ந்தபோது
அந்த இடத்தைக் கொடுக்கச் சொன்னார்கள்.
திருகாணி ஆடுகிறது என்று பொய் சொன்னேன்.
பிறகு பயந்துபோய்
நிஜமாகவே கொஞ்சம் ஆட்டி வைத்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாள் கூட்டம்.
என்னையும் கூப்பிட்டார்கள், பதினோரு வருடத்தில் முதல் தடவை.
ஆலோசகர் மரெத் ஒரு தாளைக் கொடுத்தார்.
முதல் வாரம் இரண்டே பாடம்.
விட்டுப்போன கணக்கைப் பற்றி இப்போது பேச்சில்லை.
மூச்சு முட்டினால் அனுமதி கேட்காமல் வெளியே வரலாம்.
எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

வெளியே வந்தால் எங்கே போவாள், என்றேன்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
என் அறையில் ஒரு முக்காலி கிடக்கிறது, என்றேன்.
மரெத் பேனாவைத் திறந்து
தாளின் அடியில் எழுதினார்:
முக்காலி.

மணி அடித்த பிறகு வந்தாள், நடைவழி காலியான பிறகு.
வாசலில் அப்பா, காரை அணைக்காமல்.
கோட்டை மாட்டினாள். ஆடியது, தாங்கியது.
குனிந்து செருப்பை எடுத்தாள்.
வாரம் ஒருமுறை தூசி தட்டி வைத்த செருப்பு.
கால் நுழையவில்லை.
குதிகால் வெளியே நின்றது.
படுத்தே கிடந்த மாதங்களிலும் கால் வளர்ந்திருக்கிறது,
யாருக்கும் சொல்லாமல்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களும்
அந்தச் செருப்பு அளவுதான்.
அவள் முகம் கதவுப் பக்கம் திரும்பியது,
கார் நிற்கிற பக்கம்.

அப்போது தானெல், வழக்கம்போல் தாமதமாக,
இரைக்க இரைக்க ஓடி வந்தான். பார்த்தான். நின்றான்.
"எங்கே போய்த் தொலைந்தாய்?
மீன்தொட்டி முறை உன்னுடையது!
இருபத்து மூன்று வாரம் நான் கழுவினேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
இரண்டு கோடும் போயிற்று.

"மீன் இருக்கா?"
"ரெண்டு செத்துப்போச்சு. என் தப்பில்லை."
"உன் தப்புதான்" என்றாள் லேலோ,
வெறும் காலுறையோடு
அவனுக்கு முன்னால் நடந்துகொண்டே.

பத்து நாற்பதுக்கு வெளியே வந்தாள்.
முக்காலியில் உட்கார்ந்தாள்.
நான் அவளைச் சுற்றித் தரையைத் துடைத்தேன்,
காலைத் தூக்கு என்று மட்டும் சொன்னேன்.
தூக்கினாள்.
பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் போனாள்.

புதன் இரண்டு தடவை முக்காலி.
வியாழன் வரவேயில்லை.
தாளில் வியாழனைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெள்ளி காலை
வீட்டிலிருந்து திருப்புளி கொண்டுபோய்
நாற்பத்தேழை முறுக்கினேன்.
பொய் சொன்ன மரை சரியாகப் பிடிக்கவில்லை,
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.
ஒன்பது பத்துக்கு
வெளியே ஒரு கார் வந்து நின்றது.
இந்த முறை
என்ஜினை அணைக்கும் சத்தம்.