எந்தக் கடலூர்

எட்டு இருபதுக்கு வரவேண்டிய வண்டி
எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து, நின்று, போயும்விட்டது.
இறங்கிய பெண்கள் ஏழுபேர்.
ஏழில் ஒருத்திக்கும் எங்கள் அப்பாவின் மூக்கு இல்லை.

போன் அடித்தது.
"நான் தையல்நாயகி. எறங்கிட்டேன்.
நீங்க எங்க நிக்கிறீங்க?"
"வேப்பமரத்தடில. சிமெண்ட் பெஞ்சு பக்கம்."
"இங்கயும் வேப்பமரம் இருக்கு. பெஞ்சுல
யாரோ படுத்திருக்காரு."
இங்கேயும் ஒருவர் படுத்திருந்தார்
செருப்பைத் தலைக்கு வைத்து.

அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு
பிளாட்பாரத்தின் வடகோடிவரை நடந்தேன்.
கூரை பாதியில் நின்றுபோகிறது
கட்டியவனுக்குக் கைக்காசு தீர்ந்த மாதிரி.
கடைசி மூன்று பெட்டிக்காரர்கள்
வெயிலில்தான் இறங்க வேண்டும்,
கார்த்திகையில் மழையில்.
மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று எழுதி
ஏறுவதற்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள்.
படிக்கு மேலே பூட்டு.
கடிகாரம் ஒன்று உண்டு, நாலேகாலில்.

மணி ஒன்பதேகால்.
பன்னிரண்டுக்குள் தாசில்தார் ஆபீஸில்
இருவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.
வாரிசுச் சான்று. அடுத்தடுத்த வரியில்
அஞ்சலாட்சி, தையல்நாயகி.
நாற்பத்தொரு வயதில்
எனக்குக் கீழே ஒரு வரி.

"குழாய்கிட்ட வாங்க" என்றேன்.
"மூணு குழாய். ஒண்ணுக்குத் தலை இல்ல."
"இங்க நாலு இருக்கே. ரெண்டுக்குத் தலை இல்ல."
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
எண்ணத் தெரியாதவள் என்று நினைத்தேன்.
அவள் அம்மாவைப் பற்றி என் அம்மா சொன்னதெல்லாம்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"மேம்பாலம் தெரியுது. ஏறி அந்தாண்ட வரட்டா?
பையில அரிசி இருக்கு. முட்டி வலிக்கும், பரவால்ல."
"ஏறாதீங்க."
பட்டென்று வந்துவிட்டது.
எனக்கும் முட்டி வலி. அப்பாவுக்கும்.
கிளட்ச் மிதித்து மிதித்து வந்தது என்பார்.
நாங்கள் லாரி ஓட்டியதில்லை.

"என்ன வாடை வருது அங்க?"
"கருவாடு... அப்புறம் ஏதோ மருந்து வாடை.
தண்டவாளம் நெறைய கெடக்கு.
ஒண்ணு தனியா வளைஞ்சு போகுது."

வளைந்து போவது விருத்தாசலம்.
அவள் துறைமுகத்தில் நிற்கிறாள், ஓ.டி.யில்.
தப்பு அவளுடையதில்லை.
பலகை கடலூர் என்றுதான் தொடங்கியது, இறங்கிவிட்டாள்.
ஊருக்கு நட்டநடுவில் நான் நிற்கும் இடத்துக்குத்தான்
கடலூர் என்று பெயரில்லை.
மஞ்சள் பலகை முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு
திருப்பாதிரிப்புலியூர்.
வெளியூர்க்காரர் படித்து முடிப்பதற்குள்
கார்டு கொடியைக் காட்டிவிடுவார்.

எது எங்கே நிற்கும், எது நிற்காமல் போகும்,
எந்த வண்டிக்கு எந்த வாசல்,
எல்லாம் கலியமூர்த்திக்கு மனப்பாடம்.
லோடு இல்லாத நாளில் ரயிலில்தான் போவார், வருவார்.
இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட
மாறி இறங்கியதில்லை.

"இங்க ஸ்டேஷன் ரெண்டு" என்றேன்.
"உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"
"நம்ம அப்பா சொன்னதே இல்லையே."

ஒரு கூட்ஸ் போனது.
ஐம்பத்தெட்டுப் பெட்டிவரை எண்ணினேன்.
அந்தப் பக்கம் அவளும் போனை வைக்கவில்லை.
அவளுக்கும் அதே சத்தம்தான் கேட்டிருக்கும்,
கொஞ்ச நேரம் கழித்து அதே பெட்டிகள்
அவளைத் தாண்டியும் போகும்.

வெளியேற ஒரே வழி, அதிலும் பாதி
பைக் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒருக்களித்து வெளியே வந்தேன்.
ஷேர் ஆட்டோ நெல்லிக்குப்பம், நெல்லிக்குப்பம் என்றது.
எதிர்த்திசை ஆட்டோவுக்குக் கை நீட்டினேன்.

"நீங்க எங்கயும் நகராதீங்க, நான் வரேன்."
"என்னை எப்படி அடையாளம் தெரியும்?"
"அந்த ரெண்டு குழாய்ல
எதுக்கு முன்னாடியாவது நில்லுங்க."